அவன் திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் தம்பி மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் என்று மூன்று மாதங்களுக்கு முன்பு மருத்துவர் உறுதிசெய்தார். நாம் கேட்பதையே திருப்பிச் சொல்கிறான், ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டால், ‘தண்ணி வேணுமா’ என்பதுதான் பதில். முகம் பார்ப்பதில்லை. உறவினர் கூடும் இடங்களில் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ‘வேலை வேலை என்று பிள்ளையைப் போனிடம் விட்டுவிட்டாள்’ என்று என் அம்மா மருமகளைக் குறைசொல்கிறார். அந்தப் பெண் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போயிருக்கிறாள். நான் அவனுடைய பெரியப்பா. அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், ஆனால் அவனை எப்படி நெருங்குவது என்று தெரியவில்லை. இது குணமாகுமா? குடும்பத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மாவுக்கான பதிலிலிருந்து தொடங்குகிறேன். எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான். ஆட்டிசம் வளர்ப்பினால் வருவதில்லை. அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு. அதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரிது. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இது பிறவியிலேயே அமைந்தது என்றுதான் முடிகிறது. ஆயினும் அந்தப் பெற்றோர்களிடம் பாசத்தின் வெதுவெதுப்பு குறைவு என்று அவரே எழுதியவற்றைப் பிடித்துக்கொண்டு, தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையே பல்லாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று அதற்கொரு பெயரும் வைத்திருந்தார்கள். ஆட்டிச நிலையிலிருந்த ஒரு மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964இல் அதை மறுத்து எழுதினார். 1977இல் இரட்டையர்களை ஆராய்ந்த சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் மரபுவழியின் பங்கைக் காட்டினார்கள். மருத்துவம் கைவிட்டுவிட்ட பழியை இன்னும் வீடுகள் சுமத்திக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை. வீட்டில் மூத்தவர் நீங்கள். உங்கள் தம்பி மனைவி மீது தவறில்லை என்பதை உங்கள் அம்மாவின் முன்னிலையிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது நோய் இல்லை என்பதால் அந்தச் சொல்லே இங்கே பொருந்தாது. அவன் கற்பான், வளர்வான், இன்று முடியாத பலவற்றை நாளை செய்வான். ஆனால் ஆட்டிச நிலையில் இருப்பவனாகவே அவற்றைச் செய்வான். இத்தனை மாதத்தில் குணப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள். (ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லை நான் தவிர்த்துவிடுவதும் இதனால்தான். அந்தக் குழந்தைகளின் மதியில் இறுக்கம் எதையும் நான் கண்டதில்லை.)

இனி அவனுடைய ‘தண்ணி வேணுமா’. என் அக்கா மகனும் ஆட்டிச நிலையில் உள்ளவன். 7 வயதில் அவன், கலங்கிப்போகும் போதெல்லாம் ‘லிஃப்ட் வராது, படியில போலாம்’ என்பான். லிஃப்டே இல்லாத இடத்திலும் அதையே சொல்வான். நாங்கள் பொருளற்ற பிதற்றல் என்று நினைத்து, ‘சும்மா இரு’ என்று அடக்கினோம். அக்காதான் கண்டுபிடித்தாள்: ஒருநாள் மின்சாரம் போய் இருட்டில் நின்றபோது அவள் அவனிடம் சொன்ன வாக்கியம் அது. ‘பயமாக இருக்கிறது, என்னை இங்கிருந்து கூட்டிப்போ’ என்பதற்கு அவனிடம் இருந்த சொற்கள் அவை மட்டும்தான்.

இப்படித் திருப்பிச் சொல்வதை நிறுத்தவேண்டிய பழக்கமாகவே வல்லுநர்களும் ஒருகாலத்தில் கருதினார்கள். அது கேட்கவும், ஒப்புக்கொள்ளவும், தன் முறையில் உரையாடலில் பங்குகொள்ளவும் பயன்படுகிறது என்று 1981இல் பேரி பிரைசன்ட்டும் ஜூடித் டுச்சனும் காட்டினார்கள். உங்கள் தம்பி மகனும் மொழியைச் சொல் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்பவனாக இருக்கலாம். ‘தண்ணி வேணுமா’ என்ற ஒலி கேட்ட பிறகுதான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்திருக்கிறது; ஆகவே தண்ணீர் வரவழைக்கும் ஒலி அவனுக்கு அதுதான். அவனைத் திருத்தாதீர்கள். டம்ளரைக் கொடுக்கும்போது அவன் இடத்திலிருந்து, ‘தண்ணி வேணும்’ என்று நீங்கள் சொல்லுங்கள். தமிழில் அதற்குக் கடைசி ஆகாரம் ஒன்று உதிர்ந்தால் போதும். படங்களைக் காட்டிக் கேட்கவும் பழக்கலாம். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

முகம் பார்க்கும்படி வற்புறுத்தாதீர்கள். நான் ஒருமுறை அக்கா மகனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, ‘மாமாவைப் பார்த்துச் சொல்லு’ என்றேன். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்; சொல்லவந்ததும் நின்றுபோயிற்று. அதன்பின் பல மாதங்கள் நான் இருக்கும் அறைக்குள் அவன் வரவில்லை. இன்று வளர்ந்து பெரியவனாகி, தட்டச்சு செய்து உரையாடும் அவன், ‘முகத்தைப் பார்த்தால் பேச்சு காதில் விழாது’ என்று ஒரே வரியில் எனக்கு அதை விளக்கினான். அதை அறிந்துகொள்ள எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அவர்களுக்கு நம்மைப் புரிவதில்லை என்று சொல்லும் நாம், நமக்கும் அவர்களைப் புரிவதில்லை என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டிச நிலையில் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இந்த இருபக்கச் சிக்கலைத்தான் எழுதினார். எனவே அவன் எதிரே உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவன் சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் ஒன்றைச் சுற்றுங்கள். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.

கூட்டத்தில் அவன் அலறுவது அடம் இல்லை. அடம்பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். இவனுக்குத் தேவை பொருளன்று, ஓசையும் நெரிசலும் ஓய்வது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை 2013 முதல் டிஎஸ்எம்-5 என்னும் மருத்துவக் கையேடும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்த நேரத்தில் அதட்டலோ சமாதானமோ, எந்தச் சொல்லும் அவனுக்கு மேலும் ஓர் ஓசைதான். (வழக்கமில்லாத நேரத்தில் திடீரென இப்படி நடந்தால் பல்வலி, காதுவலி, வயிற்றுவலி உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும், சொல்லத் தெரியாத வலி இப்படித்தான் வெளிப்படும்.) புறப்படுவதற்கு முன்பே போகும் இடத்தின் படத்தைக் காட்டி, யார் யார் வருவார்கள், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவைப்பது பெரிதும் உதவும்.

அலறலுக்குச் சற்று முன்னால் பெரும்பாலும் ஓர் அறிகுறி இருக்கும். அவனுக்கு அது கை காதருகே போவதாக இருக்கலாம். இதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவன் அம்மா ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை நீங்கள் பாருங்கள். கை எழுந்ததுமே அவனோடு வெளியே போய், அமைதியான ஓரிடத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். உள்ளே அவள் மற்றவர்களோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.