ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களை இணையத்தில் பார்ப்பது: கேள்வி பதில்

அருங்காட்சியகங்களின் ஆப்பிரிக்கத் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஆப்பிரிக்க முகமூடி என்று தேடினால் விற்பனைக் கடைகள்தான் வருகின்றன. எங்கே தொடங்கலாம்?

பொதுத் தேடலை விட்டுவிட்டு நேராக மியூசியங்களின் சேகரிப்புப் பக்கத்துக்கே போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், கிளீவ்லாந்து, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் மூன்றும் நல்ல தொடக்கம். ஒரே ஒரு தளம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ‘டிஜிட்டல் பெனின்’. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகர அரண்மனையைச் சூறையாடியது. அங்கிருந்து அள்ளிய உலோகம், தந்தம், மரம் எல்லாம் ஏலத்திலும் பரிசாகவும் ஊர் ஊராகச் சிதறிப்போயின. எது எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் தேடும்படி 2022 நவம்பரில் இந்தத் தளம் வந்தது. தொடங்கும்போதே 20 நாடுகளின் 131 நிறுவனங்களிலிருந்து 5,246 பொருட்கள்.

பெனின் என்றால் டோகோ பக்கத்தில் இருக்கும் நாடுதானே?

இல்லை. பெனின் பேரரசு இருந்தது இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில். நீங்கள் சொல்லும் நாட்டின் பெயர் 1975 வரை தஹோமே. தேடும்போது ‘எடோ’ என்றும் போட்டுப் பாருங்கள், குழப்பம் பாதி குறையும்.

படத்தைப் பெரிதாக்கி ரசிப்பதைத் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

மெட்ரோபாலிடனில் இருக்கும், பெனின் பேரரசின் ராஜமாதா இடியாவின் யானைத்தந்த முகத்தையே எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டு வேலை, உயரம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். பெரிதாக்கினால் தலைமேல் தாடி வைத்த போர்ச்சுகீசியர் முகமும் சேற்றுமீனும் மாறி மாறி வருவது தெரியும். நீரிலும் நிலத்திலும் பிழைக்கும் மீன் அது. மனித உலகிலும் தெய்வ உலகிலும் நிற்கும் மன்னருக்கு அதுவே அடையாளம். நெற்றியில் நேராக இறங்கும் இரண்டு கோடுகள் இரும்பு பதித்தவை.

சரி, இவ்வளவும் அழகு. அப்புறம் கீழே இறங்கி, கைமாறிய வரலாறு என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். 1897இல் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தப் பகுதியின் பிரிட்டிஷ் அதிகாரி ரால்ஃப் மூர் கையில் 1909 வரை, பிறகு லண்டனில் செலிக்மன் குடும்பம், 1958இல் அமெரிக்கச் செல்வந்தர் நெல்சன் ராக்ஃபெல்லர், அங்கிருந்து மியூசியம். இதன் ஜோடி போன்ற இன்னொரு முகம் அதே செலிக்மன் வழியாக 1910இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. என்னைக் கேட்டால் படத்தைவிட இந்த ஐந்தாறு வரிகள்தான் இலவச இணையத்தின் பெரிய கொடை. முன்பெல்லாம் இது அலுவலகக் கோப்புக்குள் கிடக்கும். அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

ஏன் எல்லாவற்றிலும் ‘கலைஞர் பெயர் தெரியவில்லை’ என்றே இருக்கிறது?

செய்தவருக்குப் பெயர் இருந்தது, எடுத்துப் போனவர்கள் கேட்கவில்லை. அவ்வளவுதான். கேட்டறிந்து எழுதிய இடங்களில் பெயர் வந்திருக்கிறது: நைஜீரியாவின் யொருபா இனச் சிற்பி, இசே ஊரைச் சேர்ந்த ஒலோவே, 1938இல் இறந்தவர். ஸ்மித்சோனியனிலும் மெட்ரோபாலிடனிலும் அவர் பெயரிலேயே தேடலாம். இகெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவு 1924இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்கு வந்தது, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஐயா, இந்தப் படங்களை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா?

மியூசியத்தைப் பொறுத்தது. மெட்ரோபாலிடன் 2017இலும், கிளீவ்லாந்து 2019இலும், ஸ்மித்சோனியன் 2020இலும் ஏராளமான படங்களை சிசி ஸீரோ உரிமத்தில் விட்டன. விற்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அந்தத் தளங்களிலும் எல்லாப் படமும் அப்படி இல்லை, ஒவ்வொரு படத்திலும் அந்த உரிமக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே தருகிறது, டி-ஷர்ட் நடக்காது. ‘சிற்பம் ஐந்நூறு வருஷப் பழசு, உரிமை ஏது’ என்பீர்கள். சிற்பத்துக்கு இல்லை, அதை ஒளி வைத்துக் கோணம் பார்த்து எடுத்த புகைப்படத்துக்கு உரிமை கோருகிறார்கள். சட்டம் அனுமதித்தாலும், ஒரு ராஜமாதாவின் முகத்தை டி-ஷர்ட்டில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பேன் நான்.

இணையத்தில் போட்டுவிட்டோமே, பொருளை ஏன் திருப்பித் தர வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு சாக்கா?

சிலர் அப்படிப் பேசத்தான் செய்கிறார்கள். 1977இல் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் கலைவிழாவை நினைத்துப் பாருங்கள். லண்டனில் இருக்கும் இடியா முகம்தான் விழாவின் சின்னம். அதைக் கொஞ்ச நாள் இரவலாகத் தாருங்கள் என்று நைஜீரியா கேட்டபோது பிரிட்டிஷ் மியூசியம் மறுத்துவிட்டது. படம் சுவரெங்கும் இருந்தது, பொருள் வரவில்லை. இணையப் படமும் அதுபோல, திருப்பித் தந்ததாக ஆகாது.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கேட்கவும் முடியாது. பட்டியல் வெளியே வந்தால் இது எங்களுடையது என்று விரல் வைத்துச் சொல்லலாம். 2022இல் ஸ்மித்சோனியன் 29 பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. 2025இல் நெதர்லாந்து 119 பொருட்களைத் தந்தது. இவையெல்லாம் பட்டியலால் மட்டும் நடந்தவை அல்ல, பல பத்தாண்டுக் கோரிக்கையின் பலன். பட்டியல் அந்தக் கோரிக்கைக்குக் கையில் கிடைத்த ஆதாரம்.

எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிடுவது நல்லதுதானே?

நானும் பொதுவாக அந்தக் கட்சிதான். ஆனால் திறப்பது யார் முடிவு என்று கேட்க வேண்டும். நம் ஊரில் கருவறைக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள் அல்லவா? அதுபோலச் சில பொருட்கள் எல்லோர் கண்ணுக்கும் உரியவை அல்ல. 2018இல் பிரெஞ்சு அரசுக்காக கலை வரலாற்றாளர் சாவுவாவும் செனகல் அறிஞர் சாரும் எழுதிய அறிக்கை, ஆப்பிரிக்கப் பொருட்களைத் திருப்பித் தரச் சொன்னதோடு, அவற்றை டிஜிட்டலாக்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கவும் சொன்னது. அடுத்த ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள்: டிஜிட்டலாக்குவதா, திறப்பதா என்பதையும் அந்தந்தச் சமூகமே முடிவு செய்யட்டும், அதை ஐரோப்பா தீர்மானித்தால் பழைய கதைதான். எனக்கு இவர்கள் வாதம் சரியாகப் படுகிறது.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. டிஜிட்டல் பெனினில் ஆங்கிலத்தோடு எடோ மொழி இருக்கிறது. பொருட்களின் எடோ பெயர்களைப் பேசிக் கேட்கலாம், வாய்மொழி வரலாறுகளும் உண்டு.

பள்ளியில் புரொஜெக்டரில் காட்ட எந்த அளவில் இறக்குவது?

கிளீவ்லாந்து தளத்தில் ஜேபெக், டிஃப் என இரண்டு கோப்பு வடிவங்களும் கிடைக்கும். ஜேபெக் போதும். டிஃப் கோப்பு மிகப் பெரியது, அச்சுக்குத்தான் தேவை. இறக்கிய கையோடு, மியூசியம் அந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு எண்ணையும் கோப்பின் பெயரில் போட்டுவையுங்கள். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் அந்த எண்ணைத் தேடினாலே அதே பக்கம் வந்துவிடும்.