புரியாமல் தலையாட்டாதீர்கள்

தம்பி, வேறு மொழி பேசும் ஊருக்கு வந்து மூன்று மாதமாகியும் வேலையிடத்தில் யாரோடும் பேச்சு இரண்டு வரியைத் தாண்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உச்சரிப்பு பழகப் பழக வரும், அதை விடுங்கள்.

முதலில், புரியாததற்குத் தலையாட்டுவதை நிறுத்துங்கள். நான் வந்த இரண்டாவது வாரம் மேலாளர் நடந்துகொண்டே ஏதோ சொன்னார். பெட்டிகளை எடுத்து வை என்றாரா, திறந்து வை என்றாரா என்று பிடிபடவில்லை. ஆனாலும் "சரி சரி" என்றேன். டேப்பைக் கிழித்து நாற்பது பெட்டியையும் திறந்து வைத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "புரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் "அப்படியென்றால் இதைத்தானே செய்யணும்?" என்று என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுவேன். இன்றுவரை யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

அப்புறம் வேகம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 மொழிகளில் ஆம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் வர ஆகும் நேரத்தை அளந்தார்கள். சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே பதில் மனதில் உருவாகிவிடுகிறது. புது மொழியில் நமக்கு அது வராது, வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். வாக்கியம் முழுசாக அமையட்டும் என்று காத்திருக்காமல் "ம்ம், அதுவா" என்று தொடங்கிவிடுங்கள், மீதி வந்து சேரும். நடுவில் புகுந்து இலக்கணம் திருத்தும் நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் மட்டும் பேசிப் பழகாதீர்கள். பல பேரை அப்படியே ஊமையாக்கிவிட்டார்கள், எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

ஒற்றைச் சொல் பதிலும் ஆபத்து. தேவையான அளவு, உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகப் பேசுவார் என்று ஒருவரையொருவர் எதிர்பார்த்துத்தான் பேசுகிறோம் என்று பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1975-ல் எழுதினார். அந்த அளவு குறைந்தால் கேட்பவர் அதற்கும் ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார். நீங்கள் கூச்சத்தில் "நல்லா இருந்தது" என்று நிறுத்தினால், இவருக்குப் பேச விருப்பமில்லை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்.

எனக்குப் பக்கத்து மேசையில் வயதான ஓர் அம்மா இருந்தார். திங்கள்தோறும் விடுமுறை எப்படிப் போனது என்பார், "நன்றாக" என்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் என்னவோ, காற்றில் குடை திரும்பி நனைந்துவிட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன். சட்டென்று நாற்காலியை என் பக்கம் திருப்பி, தன் குடை பறந்துபோன கதையை ஆரம்பித்தார்.