பதினோரு ஒற்றைக் காலுறைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் வேலை காரணமாக நான்கு வருடங்களாக ஜெர்மனியில், டான்யூப் கரையில் உள்ள ரேகன்ஸ்புர்க்கில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாலைகளைக் கழிக்கக் காலுறை பின்னக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னிடம் பதினோரு காலுறைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் ஜோடி இல்லை. ஒன்று முடிந்ததுமே அடுத்த நூலின் நிறம் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பியால் இணைத்த நீளமான வட்ட ஊசியில் இரண்டையும் ஒரே சமயத்தில் பின்னலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? வெறும் காலுறைக்காக உங்களுக்கு எழுதுவது கூச்சமாக இருக்கிறது. இது ஒரு தியானம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இவ்வளவு பழைய ஊரில் நடக்கும்போது, நான் யாருமே இல்லை என்றும் தோன்றுகிறது.

வ.

அன்புள்ள வ.,

'வெறும்' என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாக 64 கண்ணிகளை ஏற்றி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறீர்கள். கணுக்கால் வந்ததும் பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாகப் போய், குதிகாலுக்கு ஒரு பட்டை உண்டாக்குகிறீர்கள். அதன் அடியில் ஒரு குழிவு. பிறகு ஓரங்களிலிருந்து புதிய கண்ணிகளை எடுத்து மறுபடி வட்டத்துக்குள் வருகிறீர்கள். குழாயாகப் போய்க்கொண்டிருந்தது அந்த இடத்தில் திரும்பிப் பாதமாகிறது. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? தியானம் என்பதையும் விட்டுவிடுங்கள். குதிகாலில் ஒரு கண்ணி நழுவினால் எந்தத் தியானமும் வந்து காப்பாற்றாது. பிரிக்கத்தான் வேண்டும்.

ஊரைப் பற்றிய வருத்தத்துக்கு நான் அதிகம் உருகப் போவதில்லை. 179-ஆம் ஆண்டில் ரோமானியர் கோட்டை எழுப்பிய இடம் அது. அந்தக் கோட்டை வாசலின் ஒரு துண்டு, பிற்காலத்துக் கட்டடம் ஒன்றின் சுவருக்குள் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு பழைய ஊரில் எல்லோருமே நேற்று வந்தவர்கள்தான்.

உங்கள் வியாதி அந்த ஊருக்கே இருந்தது என்பது தெரியுமா? கல் பாலத்தை 1135-இல் தொடங்கிப் பதினோரு வருடத்தில் முடித்துவிட்டார்கள். பேராலயத்தை 1270-களில் தொடங்கினார்கள். அதன் இரட்டைக் கோபுரங்களுக்கு உச்சி வந்தது 1869-இல். அதுவரை பல நூற்றாண்டுகள் இரண்டும் மொட்டையாக நின்றன. பாலம் கட்டியவனும் ஆலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள், பாலத்துக்காரன் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு ஜெயித்தான் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். இரண்டு வேலைகளும் தொடங்கியதற்கிடையே நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கதைக்கு அதைப் பற்றி என்ன கவலை!

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதக் காரணம் வேறு. என் அலமாரியில் ஒரு சாம்பல் நிறக் காலுறை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் உங்கள் ஊரில் பத்து நாள் தங்கியிருந்தேன். பாலத்தின் நடுவில் நின்று, தூண்களுக்குக் கீழே ஆறு சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, விறைத்த கால்களோடு திரும்புவேன். எழுபதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே பின்னுவார், கையைப் பார்க்கமாட்டார். ஒரு நாள் குதிகாலை விரலால் தடவியவர் நின்றுவிட்டார். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஊசிகளை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தார். அரை மணி நேர வேலை பத்து நொடியில் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. கிளம்பும் நாளில் அந்த ஜோடியை என் கையில் திணித்தார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நான் அதைக் கெடுத்தேன். சரியாகச் சொன்னால், பாதியைக் கெடுத்தேன். ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மற்றொன்று மற்ற துணிகளோடு சலவை இயந்திரத்தில் சுடுநீருக்குப் போய்விட்டது. நீங்கள் வாங்கும் காலுறை நூலில் பெரும்பாலும் கால் பங்கு பாலியமைடு என்ற செயற்கை இழை இருக்கும், கம்பளி இழையின் செதில்களையும் மழுக்கியிருப்பார்கள். அவருடையது பதப்படுத்தாத கம்பளி. சூட்டிலும் உலுக்கலிலும் அதன் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன. வெளியே வந்தது ஒரு குழந்தையின் காலுறை, அட்டைபோல விறைப்பாக.

இனி உங்களைத் திட்டலாம். வட்ட ஊசியில் இரண்டையும் சேர்த்துப் பின்னினால் நீளம் ஒன்றாக வரும், கை இறுக்கம் ஒன்றாக இருக்கும், வரிசை எண்ணும் தொல்லை இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் அப்படிப் பின்னினால் உங்களுக்குப் பன்னிரண்டாவதாக ஒரு ஜோடி கிடைக்கும். அந்தப் பதினொன்றும் பெட்டியில் அப்படியே கிடக்கும். 100 கிராம் உருண்டையில் 420 மீட்டர் நூல், ஒரு ஜோடிக்குத் தாராளம். அப்படியானால் ஒவ்வொரு காலுறைக்கும் பக்கத்தில் அரை உருண்டை காத்திருக்க வேண்டும். அதே சாயம், அதே நூல். நிறம் இழுத்துக்கொண்டு போகிறதாம்! உங்களை இழுப்பது நிறமல்ல. முதல் காலுறையில் அடுத்த வரிசை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதில் எல்லாம் தெரியும், கோடு எங்கே மாறும் என்பது உட்பட. தெரிந்ததை மறுபடி செய்யச் சலிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சலிப்புக்கு ஊசியை மாற்றி என்ன பயன்? நானும் தொடங்கிய கதைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறவன்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு நடந்ததைக் கடிதத்தில் எழுதினேன். மிஞ்சிய காலுறையின் நீளத்தை மட்டும் கேட்டுப் பதில் வந்தது. அளந்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு உறை, அதற்குள் ஒரே ஒரு காலுறை. அந்த நூல் தீர்ந்துபோயிருக்க வேண்டும், சாம்பல் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. கையும் இறுகியிருக்கிறது. இடது காலில் போட்டால் கணுக்காலில் சற்றுப் பிடிக்கிறது. வலது காலுக்கு மாற்றினாலும் அங்கேயேதான் பிடிக்கிறது.