புல்வேய்ந்த கூரைக் கிராமத்துக்கு ஒரு நாள்

கேள்வி: ஜப்பானில் கனசவா நகரக் குடும்பமொன்றுடன் தங்கிப் படிக்கும் மகளை, அவர்கள் ஜனவரியில் ஷிரகாவாகோ கிராமத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். என்ன கொண்டுபோகச் சொல்லலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் தடித்த மேஸ், இரண்டு சோடி. பார்வைக்குத் திறந்த வீடுகளில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பனியில் நனைந்த மேஸோடு மரத்தரையில் நடந்தால் கால் விறைத்துவிடும். நுவரெலியாக் குளிரை மனதில் வைத்து உடுப்பு எடுக்க வேண்டாம். அங்கே பனி மீற்றர் கணக்கில் குவியும். அது வழுக்கி விழத்தான் கூரைக்கு ஏறக்குறைய 60 பாகைச் சரிவு. கூரை மரங்களை ஆணியில்லாமல் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். பட்டுப்புழு வளர்த்த மேல்தட்டுக்கு ஏறினால் அந்தக் கட்டுகளைக் கிட்டத்தில் பார்க்கலாம், தவறவிட வேண்டாம்.

1995 இல் உலக மரபுரிமையான இந்த இடத்தில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் லயத்து வாசல்போல உரிமையோடு நுழையக்கூடாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பையும் வேண்டும்.