வண்டிக்குப் பிபிஎஃப் ஒட்டலாமா? கேட்டவையும் சொன்னவையும்

ஈரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்த கடை; இன்று பாதி வேலை பிபிஎஃப்தான். பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்பதன் சுருக்கம்; பைக் பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க அதன் மேல் ஒட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம். அதைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எங்கள் ஊரில் 'லேமினேஷன்' என்று ஒட்டித் தருகிறார்கள். அதுவும் பிபிஎஃப்பும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. லேமினேஷன் என்ற பெயரில் ஒட்டுவது பெரும்பாலும் பிவிசி. பிபிஎஃப் என்பது டிபியு, அதாவது பாலியூரித்தேன் வகை. ஒரு துண்டு கேட்டு வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு, விட்டதும் மெல்லத் திரும்பினால் டிபியு. நீண்டது அப்படியே நின்றுவிட்டால் பிவிசி. பிவிசி நம் வெயிலில் மஞ்சளாகும், ஓரம் சுருங்கும். நாள்பட்டு உரித்தால் பொடிப்பொடியாக உடைந்து பசையை மட்டும் டேங்கில் விட்டுவிட்டு வரும்.

பிபிஎஃப்பின் தடிமன் சுமார் 150 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கம்பெனி பெயின்ட், அடியில் அடிக்கும் பிரைமரிலிருந்து மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் வரை சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள்தான் இருக்கும். பெயின்ட்டைவிடத் தடிமனான தோல் ஒன்றைப் போர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூதாதை வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளில் மணலும் கல்லும் அரிக்காமலிருக்க ஒட்டிய ஃபிலிம்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டேன். பிபிஎஃப் தேவையா?

செராமிக் என்பது பெயின்ட் மேல் திரவமாகத் தடவிக் காயவிடும் பூச்சு, ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன். தண்ணீர் நிற்காது, கழுவுவது சுலபம், பளபளப்பு இருக்கும். கல் அடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஃபிலிம், அதன் மேல் செராமிக். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். வழுக்கும் செராமிக் மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பாலிஷ் போட்டு அதை எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

புது 350 சிசி வண்டி. ஃபுல் பாடி ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். அவசியமா சார்?

எனக்கு வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, அவசியமில்லை. காருக்கு முன்னால் வருகிற கல்தான் எதிரி. பைக்குக்குப் பெரிய எதிரி ஓட்டுகிற நாம்தான். காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஏதாவது பழைய வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டேங்கின் பின் விளிம்பில் பெல்ட் பக்கிள் கீறியிருக்கும். இரண்டு பக்கமும் முட்டி தேய்த்து மங்கியிருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றி வளைவாக ஒரு கோடு, கொத்துச் சாவி ஆடி ஆடிப் போட்டது. பின் பேனலில் கால் தூக்கிப் போடும்போது ஷூ பட்ட கருப்புத் தடம்.

என் சொந்த வண்டியில் சாவிக்கொத்தில் ஒரு பித்தளை வேல் தொங்கவிட்டிருந்தேன். ஆறே மாதத்தில் மேல் பிராக்கெட்டில் கருப்புப் போய் அலுமினியம் தெரிந்தது. முருகனைக் குறை சொல்ல முடியுமா? வேலைக் கழற்றி வீட்டுச் சாவியில் மாட்டிவிட்டேன்.

ஆக டேங்க், பின் பேனல், முன் மட்கார்ட், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஷூ உரசும் ஸ்விங்ஆர்ம், இவை போதும். அடிக்கடி ஹைவேயில் லாரிக்குப் பின்னால் போகிறவர் என்றால் ஹெட்லைட்டையும் முன் சக்கர ஃபோர்க்கின் கீழ்ப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் பேடு மாதிரிச் சின்னத் துண்டுகளை நானே ஒட்டலாமா? எப்படி?

தாராளமாக. முழு டேங்கை மட்டும் முயற்சி செய்யாதீர்கள். அதன் வளைவு இரண்டு பக்கமும் இழுக்கும், அனுபவமில்லாமல் மடிப்பு விழாமல் ஒட்டவே முடியாது.

முதலில் நியூஸ்பேப்பரை டேங்கில் வைத்து அளவு வெட்டுங்கள். முனைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர் முனைதான் முதலில் எழும்பும். ஃபிலிமைத் தரையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். டேங்கின் மேல் வைத்து பிளேடு போட்டால் ஃபிலிமோடு பெயின்ட்டும் வெட்டுப்படும், அந்தக் கோட்டில் பின்னால் துரு ஏறும்.

டேங்கை ஷாம்புவில் கழுவி, மெழுகோ பாலிஷோ இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். தூசி ஒன்று உள்ளே மாட்டினால் கொசு கடித்த மாதிரி நிற்கும். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் சில சொட்டு பேபி ஷாம்புவும் கலந்து டேங்கிலும், ஃபிலிமின் பசைப் பக்கத்திலும், உங்கள் விரல்களிலும் நன்றாக அடியுங்கள். விரலை மறந்தால் ரேகை பசையில் பதிந்துவிடும். ஃபிலிமை மிதக்கவிட்டு இடம் பார்த்து வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழித்துத் தள்ளும் தகடு) தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரம் பிடிக்கவில்லை என்றால் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து கொஞ்சம் அடித்து, ஒரு நிமிடம் விட்டு அழுத்துங்கள். வளைவில் முரண்டு பிடித்தால் ஹேர் டிரையர்.

மறுநாள் பார்த்தால் மங்கலாக, நீர்க்கொப்புளமாக இருக்கும். பயந்து ஊசியால் குத்தாதீர்கள். சில நாளில் ஈரம் தானே வெளியேறும். ஒரு வாரம் வாட்டர் வாஷ் பக்கம் போக வேண்டாம்.

மேட் கலர் வண்டி. பளபளப்பாகிவிடுமா?

சாதா ஃபிலிம் ஒட்டினால் ஆகிவிடும். மேட் பிபிஎஃப் என்றே கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட இது அதிகம் தேவை; மேட் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க வழியில்லை, தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கும்.

விழுந்து டேங்குக்கு ரீபெயின்ட் அடித்தேன். இந்த வாரமே ஒட்டிவிடலாமா?

வேண்டாம். ஒரு மாதமாவது போகட்டும். பெயின்ட்டுக்குள் இருக்கும் தின்னர் ஆவி வெளியேற வேண்டும். அதற்குள் மூடினால் குமிழ் கட்டும். இன்னொன்று, பட்டறை பெயின்ட் கம்பெனி பெயின்ட் அளவுக்குப் பிடிப்பாக இருக்காது. நாளைக்கு ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரலாம்.

பெட்ரோல் மூடியைச் சுற்றி ஃபிலிம் ஓரம் பழுப்பாகி எழும்புகிறது. மட்டமான ஃபிலிமா?

ஃபிலிமைத் திட்டாதீர்கள், ஒட்டியவர் மூடி வரைக்கும் இழுத்து ஒட்டியிருப்பார். பங்க்கில் பெட்ரோல் வழிந்து ஓரத்தில் இறங்கினால் எந்தப் பசையும் கரையும். மூடியிலிருந்து ஒரு விரல்கடை இடம் விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இனி 'ஃபுல் டேங்க்' என்று கழுத்து வரை நிரப்பாமல் இருங்கள், வழிந்தால் உடனே தண்ணீரில் துடையுங்கள்.

கீறல் தானே மறையும் என்கிறார்களே, உண்மையா? – ஸ்கூட்டி ஓட்டுகிறவர்

உண்மைதான்மா, ஆனால் மேல் பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் மட்டும். துணி துடைத்த வட்ட வட்டக் கோடுகள் வெயிலில் நின்றாலே போய்விடும். சுடுதண்ணீர் ஊற்றினாலும் போகும். ஸ்டாண்டில் பக்கத்து வண்டி ஹேண்டில்பார் குத்தியது மறையாது. ஃபிலிம் கிழிந்திருக்கும், பேனல் தப்பித்திருக்கும். அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிலிம் ஒட்டியாயிற்று. இனி பைக் கவர் போடலாமா?

கழுவிய வண்டிக்குப் போடுங்கள். தூசியோடு இருக்கும் வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். நிழலாயிற்றே என்று மரத்தடியில் நிறுத்தினால் காக்காய் எச்சத்தை அன்றைக்கே கழுவிவிடுங்கள்; காய்ந்தால் ஃபிலிமிலும் கறை பிடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர் என்றால் கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத் திட்டு படிந்துவிட்டதா? வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

விற்கும்போது உரித்தால் ஸ்டிக்கர் டிசைன் வந்துவிடுமா?

டிசைன் கிளியர் கோட்டுக்கு அடியில் இருந்தால் வராது. நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர், அது ஃபிலிமோடு வரும். உரிக்கும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, மேலே தூக்காமல் டேங்கோடு ஒட்டினாற்போல் பின்னால் மடக்கி மெதுவாக இழுங்கள். அவசரமென்றால் அன்றைக்கு அந்த வேலையைத் தொடாதீர்கள்.