நண்பன் தவறாக வைத்த காயைத் திரும்ப எடுக்க விடலாமா?

சதுரங்கம் ஆடும்போது நண்பன் அவசரத்தில் ராணியை வெட்டுப்படுகிற கட்டத்தில் வைத்துவிட்டு, கையை எடுத்த மறுநொடி "ஐயோ, பார்க்கவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறான். விடுவதா, மறுப்பதா? இதுதான் கேள்வி.

நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த ஆட்டத்தில் கடைசியில் அவன் ஜெயித்துவிட்டால், நீங்கள் கொடுத்த சலுகையைப் பற்றி யாரிடமும், அவனிடமும்கூட, ஒரு வார்த்தை பேசாமல் இருப்பீர்களா? இருப்பீர்கள் என்றால் தாராளமாக விடுங்கள். மனத்தில் சிறு தயக்கம் இருந்தால்கூட அப்போதே மறுத்துவிடுங்கள். மறுப்பதால் வருகிற வருத்தம் அந்த ஆட்டத்தோடு போய்விடும். கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதால் வருகிற வருத்தம் அப்படிப் போகாது.

இதை நான் என் தவறிலிருந்துதான் கற்றேன். படிக்கும் காலத்தில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனோடு தினமும் இரவில் ஆடுவேன். ஆட்டத்துக்கு ஒரு முறையாவது அவன் காயைத் திரும்ப எடுக்கக் கேட்பான், நானும் விடுவேன். நான் அவனைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுவேன் என்பதால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒருநாள் என் மந்திரியின் குறுக்குப் பாதையில் யானையைக் கொண்டுவந்து வைத்தான். வழக்கம்போலக் கேட்டான், வழக்கம்போல விட்டேன். அதன்பிறகு அவன் ஆடிய விதம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. காய்கள் எல்லாம் மாறி மாறி வெட்டுப்பட்டு, கடைசியில் ராஜாவும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. என் ராஜாவுக்கு நேரெதிரே தன் ராஜாவை நிறுத்தி, நான் ஒதுங்கியே ஆகவேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, சிப்பாயைக் கடைசி வரிசைக்கு நடத்திச் சென்றான். அந்த முடிவாட்டத்தை அவன் ஒரு பிழைகூட இல்லாமல் ஆடினான்.

மறுநாள் சாப்பிடும்போது யாரோ "நேற்று யார் ஜெயித்தது?" என்று கேட்டார்கள். "அவன்தான். ஆனால் நடுவில் ஒரு யானையைத் திருப்பிக் கொடுத்தேன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பலகையை எடுக்கவும் இல்லை. பிறகு ஒருநாள் அவனே சொன்னான்: "நீ அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்கலாம்." அவன் உழைத்துப் பெற்ற வெற்றியை அந்த ஒரு வாக்கியத்தில் நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விதி என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, உங்கள் முறை வரும்போது உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் நகர்த்தவேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், முடிந்தால் அதை வெட்டவேண்டும். காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் மாற்றமுடியாது. கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமானால் "சரிசெய்கிறேன்" என்று முன்பே சொல்லிவிட்டுத் தொடவேண்டும். போட்டிக்கு இது போதும். நண்பர்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் நடுவர் இல்லை என்பதால், பிழை எந்த வகை என்று நாமே பார்க்கவேண்டியிருக்கிறது.

கை தவறியதற்கு நான் எப்போதும் விடுவேன். பக்கத்துக் கட்டத்தில் காய் விழுந்துவிட்டது, கைப்பேசித் திரையில் விரல் வழுக்கிவிட்டது என்றால் அது அவன் நினைத்த நகர்வே இல்லை. லிச்செஸ் போன்ற இணையச் சதுரங்கத் தளங்களில் எதிராளியின் சம்மதத்தோடு நகர்வைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. அந்த வசதியின் நியாயமான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம், நான்கைந்து நகர்வுகளை யோசித்து, கணக்குத் தப்பாகப் போய்விட்டால் அதற்கு விடவே கூடாது. அந்தக் கணக்குதானே சதுரங்கம்!

சிக்கலானது நடுவில் இருப்பது, அதாவது கண்ணில் படாமல் போனது. உங்கள் நண்பனின் ராணி இந்த வகைதான். இங்கே பலரும் மறந்துவிடுவது, எதிராளியின் பிழையைக் கண்டுபிடிப்பதும் ஒரு திறமை என்பது. 2014 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில், ஆனந்துக்கு எதிராக, அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் 26ஆவது நகர்வில் ராஜாவைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுசென்றார். ஆனந்த் குதிரையால் நடுவில் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் அதைக் கவனிக்காமல் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார், அந்த ஆட்டத்தையும் இழந்தார். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்கே எதிராளியின் பிழை கண்ணில் படாமல் போகலாம். ஆகவே நண்பன் கவனிக்காததை நீங்கள் கவனித்திருந்தால், அது உங்கள் உழைப்பு. அவன் நகர்வைத் திரும்ப எடுக்கும்போது உங்கள் கண்டுபிடிப்பும் சேர்ந்தே அழிகிறது. நீங்கள் பதில் நகர்வையும் ஆடிவிட்ட பிறகு கேட்டால் இன்னும் மோசம், உங்கள் திட்டத்தையே அவனுக்குக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். அப்போது நான் கட்டாயம் மறுப்பேன்.

ஆனால் உங்கள் நண்பன் கேட்டுவிட்டு எடுக்கிறான். அதை மதிக்கவேண்டும். 1994இல் ஸ்பெயினில் நடந்த லினாரெஸ் போட்டியில், அன்று உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த காஸ்பரோவ் 17 வயது ஜூடித் போல்கருக்கு எதிராக ஒரு குதிரையை வைத்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கையை விலக்கி, கேட்காமலே அதை மீண்டும் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கை விலகியது வீடியோவில் பதிவானது. போல்கர் அந்த நேரத்தில் முறையிடவில்லை, காஸ்பரோவ் ஜெயித்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் குதிரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

புதிதாகக் கற்பவரோடு ஆடினால் என் அளவுகோல் வேறு. அங்கே திரும்ப எடுக்கவிடுவது பாடத்தின் ஒரு பகுதி. ஆனாலும் சும்மா விடமாட்டேன். "நான் இப்போது எதை வெட்டப்போகிறேன், சொல்" என்று கேட்பேன். அவரே கண்டுபிடித்தால் எடுத்துக்கொள்ளலாம். இப்படி நாலைந்து ஆட்டங்கள் போனால், கையை எடுப்பதற்கு முன்பே அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்கத் தொடங்கிவிடுவார். கேட்டபோதெல்லாம் விட்டால் அந்தப் பழக்கம் வராது. என் அறை நண்பனுக்கு அது வராமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

சம பலத்தில் ஆடும் நண்பர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நானும் அவனும் அந்தச் சண்டைக்குப் பிறகு ஏற்படுத்திக்கொண்ட முறை. ஆட்டம் நடந்தபடியே முடியவேண்டும். முடிந்த பிறகு, பிழை நடந்த இடத்துக்குக் காய்களைத் திரும்ப அடுக்கி, வேறு நகர்வோடு மறுபடி ஆடவேண்டும். முதல் ஆட்டத்தின் வெற்றி தோல்வி மாறாது, இரண்டாவது தனிக்கணக்கு. நகர்வுகளை எழுதிவைத்தால் அடுக்குவது சுலபம். ராணி போய்விட்டதால் பத்தாவது நகர்விலேயே ஆட்டம் வீணாகிறதே என்ற வருத்தமும் இதனால் தீர்ந்துவிடும்.

போன மாதம் அவனோடு ஆடியபோது நான் ஒரு குதிரையைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெட்டினான். தோற்றேன். "அடுக்கட்டுமா?" என்றான். அடுக்கினோம். இந்த முறை குதிரையைப் பத்திரமாகப் பின்வாங்கினேன். பன்னிரண்டு நகர்வுகளில் மறுபடியும் தோற்றேன். பிறகு இருவரும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோது, உண்மையான பிழை அந்தக் குதிரைக்கு மூன்று நகர்வு முன்பே, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நான் நகர்த்திய இடத்தில் இருந்தது.