ஜூடாஸ் பிரீஸ்ட்டும் சாக்ஸனும் ஒரே ராத்திரியில்: எங்கே நிற்பது, காதை எப்படிக் காப்பது?

கேள்வி: ஜூடாஸ் பிரீஸ்ட், சாக்ஸன் போன்ற பழைய ஹெவி மெட்டல் குழுக்கள் இரண்டு ஒரே மேடையில் வரும் கச்சேரிக்கு ஐரோப்பாவில் முதல்முறையாகப் போகப்போகிறேன். நிற்கும் டிக்கெட்தான் வாங்கியிருக்கிறேன். எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்? இந்த வயதில் அவர்களிடம் எதை எதிர்பார்க்கலாம்? காதுக்கு ஆபத்து உண்டா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன. ஒரு குழு மட்டும் வாசிக்கும் கச்சேரிக்கும் இரண்டு, மூன்று குழுக்கள் வரும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் உங்கள் காதின் களைப்புதான். 2024 மார்ச், ஏப்ரலில் பிரீஸ்ட்டும் சாக்ஸனும் ஐரோப்பா சுற்றியபோது யூரையா ஹீப் என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் ராக் குழுவும் கூட வந்தது. இப்படி மூன்று குழு என்றால் முதலாவதற்கு முக்கால் மணி, இரண்டாவதற்கு ஒரு மணி, கடைசிக் குழுவுக்கு ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையைக் கழித்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சத்தம்.

கணக்கு எளிது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷின் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி என்று இறங்கி 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். மெட்டல் கச்சேரிகளில் 100 டெசிபல் சாதாரணம். அங்கே மூன்று மணி நேரம் நின்றால் ஒரு நாள் அளவைப் போலப் பன்னிரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். ஜெர்மனியில் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று ஒரு தொழில்நுட்ப விதி இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 100தான் உச்சம், சத்தமான நிகழ்ச்சிகளில் காதடைப்பானை இலவசமாகவும் தரவேண்டும். இவை சத்தம் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ளும் விதிகள், அவ்வளவுதான். சட்டம் இருக்கிறதே என்று வெறும் காதோடு போகாதீர்கள்.

முதல் குழுவை வெறும் காதால் கேட்டுவிட்டு, பெரிய குழு வரும்போது அடைப்பானைப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ் கணக்கு. பலத்த சத்தத்தில் ஒரு மணி நேரம் இருந்தாலே காது தற்காலிகமாக மந்தமாகிவிடும், குறிப்பாக மேல்சுரங்களுக்கு. சிம்பலின் கூர்மை, கிட்டாரின் கடி, பிரீஸ்ட்டின் பாடகர் ஹால்ஃபோர்டின் உச்சக் குரல் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. காத்திருந்து பார்க்க வந்த குழு மேடையேறும் நேரத்தில் உங்கள் காது அரைத்தூக்கத்தில் இருக்கும். பிறகு "சவுண்ட் மந்தமா இருந்துச்சு" என்று ஒலியைக் கலந்து அளவு வைக்கும் மிக்சர் ஆளைத் திட்டுவது வழக்கம். முதல் தம்பட்ட அடிக்கு முன்பே அடைப்பான் காதில் இருக்கட்டும்.

எந்த அடைப்பான்? மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள், ஆரஞ்சு ஸ்பாஞ்சு காதை நன்றாகவே காக்கும். ஆனால் மேல்சுரத்தை அதிகமாக வெட்டும், பேஸ் என்னும் கீழ்சுரம் மட்டும் தங்கி, பக்கத்து வீட்டுக் கச்சேரியைச் சுவர் வழியே கேட்பது போலாகும். இசைக்கென்றே வடிகட்டி வைத்த சிலிக்கான் அடைப்பான்கள் 15 முதல் 20 டெசிபல் வரை ஓரளவு சீராகக் குறைக்கும். 100ஐ 85 ஆக்கினால் மேலே சொன்ன கணக்கில் 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. ஸ்பாஞ்சுதான் கையில் இருக்கிறது என்றால் போடும் விதம் முக்கியம். விரல்களுக்கிடையே குச்சி போல மெல்லிசாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுங்கள், உள்துளை நேராகும். செருகி, விரலால் 20, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே விரிந்ததும் உங்கள் குரலே தலைக்குள் குடத்தில் பேசுவது போல ஒலிக்கும். அப்படி ஒலிக்கவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சு வெறும் அலங்காரம்.

அடுத்தது இடம். முகம் பார்க்கவேண்டும் என்றால் கம்பித் தடுப்பை ஒட்டி நில்லுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே நல்ல ஒலி கிடையாது. பெரிய ஸ்பீக்கர் வரிசைகள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன, அவை குறிவைப்பது உங்கள் தலைக்குப் பின்னால். முன்வரிசைக்குக் கிடைப்பது டிரம்ஸின் நேரடி ஓசை, மேடை விளிம்பில் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள், காலடியில் பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப் வூஃபர். பாட்டின் வரி தெளிவாகக் கேட்காது. ஒலி சமைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கும் மிக்சர் மேசை நடு அரங்கில் இருக்கும். அதற்குச் சில அடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பதுதான் சரி. அந்த ஆள் தன் காதுக்குத்தான் சமைக்கிறார், பக்கத்தில் நிற்பவருக்குப் பந்தி.

ஏன் நடுக்கோட்டில் வேண்டாம்? சப் வூஃபர்கள் இடதும் வலதுமாக இரண்டு அடுக்கு வைத்திருந்தால், சரியாக நடுவில் இரண்டு பக்க ஓசையும் ஒரே நேரத்தில் வந்து சேரும். பேஸ் அங்கே குவிந்து வயிற்றை உலுக்கும், டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் எல்லாவற்றையும் விழுங்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பக்க ஓசை முந்திக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் உள்ள தூர வித்தியாசம் அதில் பாதி, அதாவது 2.85 மீட்டர் வந்தால் அந்த ஓசை ஒன்றையொன்று அடித்து மறைந்துவிடும். அதனால்தான் ஒரு இடத்தில் பேஸ் கிட்டார் காணாமல் போய், சில அடி தள்ளியதும் திரும்பி வருகிறது. சப்பை மேடை அகலத்துக்கும் பரப்பி வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும். பேஸ் கேட்கவில்லையா, இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், அவ்வளவுதான். பால்கனிக்கு அடியில் மட்டும் நிற்கவேண்டாம். மேலிருந்து வரும் நேர் ஒலியைக் கூரை மறைத்து, எதிரொலி மட்டும் மிஞ்சும்.

முதலில் வரும் குழுவின் ஒலி மோசமாக இருந்தால் உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். அரங்கம் பாதி காலியாக இருக்கும்போது கான்கிரீட்டும் காலி நாற்காலியும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. மனித உடலும் துணியும்தான் அதை உறிஞ்சுபவை, கூட்டம் நிறைய நிறைய ஒலி தெளியும். அதோடு கடைசிக் குழுவின் டிரம்ஸ் மேடையெல்லாம் பின்னால் மூடி வைத்திருக்கும். அதற்கு முன்னால் மிஞ்சும் சந்தில், பெரும்பாலும் நீண்ட ஒலிச் சோதனைக்கு நேரமில்லாமல் இவர்கள் வாசிக்கவேண்டும். முதல் பாட்டு முழுக்க மிக்சர் ஆள் அளவு தேடிக்கொண்டிருப்பார்.

இனி இந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது. பாடகர்களான பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டு, சாக்ஸனின் பிஃப் பைஃபோர்டு இருவரும் 1951இல் பிறந்தவர்கள். பிஃப்புக்கு 2019இல் மாரடைப்பு வந்து மும்மடங்கு பைபாஸ் நடந்தது. பிரீஸ்ட்டின் கிட்டார் கலைஞர் க்ளென் டிப்டன் தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2018 பிப்ரவரியில் அறிவித்துச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். மேடையில் அவர் இடத்தில் வாசிப்பவர் ஆண்டி ஸ்னீப். சில ஊர்களில் கடைசிப் பாட்டுகளுக்கு டிப்டன் வந்து நின்றதுண்டு. அப்படி வந்தால் அரங்கமே வேறு மாதிரி ஆகிவிடும். பழைய கிட்டார் கலைஞர் கே.கே. டவுனிங் விலகிய பிறகு 2011இல் சேர்ந்த ரிச்சி ஃபால்க்னர் இவர்களில் இளையவர். அவருக்கும் 2021 செப்டம்பரில் லூயிவில் மேடையில் மகாதமனி கிழிந்தது, பாட்டை வாசித்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனார். சாக்ஸனில் கிட்டார் கலைஞர் பால் க்வின் 2023இல் சுற்றுப்பயணத்தை நிறுத்த, டைமண்ட் ஹெட் குழுவின் பிரயன் டாட்லர் வந்தார். பாட்டுகளை மெட்டாலிகா எடுத்துப் பாடியதால் இன்னும் பிரபலமான அந்தக் குழுவின் ஆளேதான்.

"பழைய ஆட்கள் இல்லையே, இது அசல் குழுவா?" என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் இதற்குப் பதில் மேடையிலேயே இருக்கிறது. பிரீஸ்ட்டில் இயன் ஹில் 1974இன் முதல் ஆல்பத்திலிருந்து எல்லா ஆல்பத்திலும் பேஸ் வாசிக்கிறார். ஸ்னீப்பும் கூலிக்கு வந்த ஆள் இல்லை. பிரீஸ்ட், சாக்ஸன் இரண்டின் 2024 ஆல்பங்களிலும் தயாரிப்பில் அவர் கை இருக்கிறது. மேடையில் கேட்கும் கிட்டார் தொனிக்கும் ரெக்கார்டின் தொனிக்கும் இடைவெளி குறைவாக இருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

குரல் விஷயத்தில் நேராகச் சொல்லவேண்டும். எழுபது தாண்டிய தொண்டையிலிருந்து 1990இன் உச்சம் எல்லாப் பாட்டிலும் வராது. பல பழைய குழுக்கள் பாடகருக்காகக் கிட்டாரை அரைக் கட்டை இறக்கிக்கொள்கின்றன. கிட்டாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 77.8க்கு இறங்கும். பழகிய பாட்டு கொஞ்சம் கனத்து, இருண்டு ஒலிப்பது அதனால்தான், வேகம் குறைந்துவிட்டது என்று சிலருக்குத் தோன்றுவதும் அதனால்தான். ஹால்ஃபோர்டு நடுச்சுரத்தில் பாடி, கத்தலைத் தேர்ந்தெடுத்த இடங்களுக்குச் சேமித்து வைப்பார். உடம்பை வளைத்துத் தரையைப் பார்த்தபடி மைக்கை வாயோடு அணைக்கிறார் என்றால் கத்தல் வருகிறது என்று அர்த்தம். பிஃப்பின் குரல் முதலிலிருந்தே அவ்வளவு உயரத்தில் குடியிருந்ததில்லை, அதனால் தேய்மானமும் குறைவாகத் தெரியும். ஒலியில் சாக்ஸன் அன்று பிரீஸ்ட்டை மிஞ்சினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கவனித்துக் கேட்கவேண்டியது இரட்டைக் கிட்டார். நாதஸ்வரக் கச்சேரியில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது இருவரும் ஒரே சுரத்தில் போவார்கள். இங்கே ஒருவர் ச ரி க என்று ஏறினால் மற்றவர் அதே நேரத்தில் க ம ப என்று மேலே போவார். இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒரு நிறம் வரும். ஒருவர் இடது, ஒருவர் வலது என்று நிற்பதால், ஒரு ஓரத்தில் ஒட்டி நின்றால் ஒரு குரல் அமுங்கிவிடும். நடுப்பகுதியைச் சுற்றி நில்லுங்கள் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தயாரிப்புக்கு எல்லா ஆல்பத்தையும் கேட்கத் தேவையில்லை. பிரீஸ்ட்டில் 1980இன் பிரிட்டிஷ் ஸ்டீல், 1982இன் ஸ்க்ரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ், 1990இன் பெயின்கில்லர். சாக்ஸனில் 1980இன் வீல்ஸ் ஆஃப் ஸ்டீல், 1981இன் டெனிம் அண்ட் லெதர். இவற்றிலிருந்து பல பாட்டுகள் காதில் விழும். ஒரு சுற்றுப்பயணத்தில் பாட்டு வரிசை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது, விளக்கும் திரையில் ஓடும் படமும் அதற்கென்றே கோத்து வைத்தவை. முந்தின ஊரின் வரிசையை இணையத்தில் பார்த்தால் எப்போது தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று தெரியும், ஆனால் ஹால்ஃபோர்டு மோட்டார் சைக்கிளில் மேடைக்கு வரும் இடமும் தெரிந்துபோகும். எது வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

சில்லறை விஷயங்கள். பல அரங்குகளில் ஏ4 தாளை விடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். ஆணி பதித்த தோல் பட்டையும் சங்கிலியும் வாசலிலேயே பறிபோகலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிவிட்டுத் தந்தால் சண்டை போடாதீர்கள், மூடிய பாட்டில் எறிந்தால் கல். டி-ஷர்ட் வேண்டுமானால் நுழைந்ததும் வாங்குங்கள், நடுத்தர அளவுகள்தான் முதலில் தீரும். குதிகால் தடித்த, பழகிய ஷூ போடுங்கள், கான்கிரீட்டில் நாலரை மணி நேரம் நிற்கிறீர்கள். இந்தக் குழுக்களின் கூட்டத்தில் பலர் ஐம்பது தாண்டியவர்கள், அதனால் இடித்துக் குதிக்கும் வட்டம் உருவானாலும் சின்னதுதான். அதன் அருகே நின்றால் கையை நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களே உடனே தூக்கிவிடுவார்கள், நீங்களும் தூக்குங்கள். குழந்தையோடு போவதானால் ஸ்பாஞ்சு போதாது, சின்னக் காதில் அது நிற்காது. தலையைச் சுற்றிப் போடும் காது மூடிதான்.

வீடு வந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அன்று இரவும் மறுநாளும் ஹெட்ஃபோன் வேண்டாம், அமைதியில் இருங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். இரண்டு நாள் கழித்தும் ரீங்காரம் நிற்கவில்லை என்றாலும், ஒரு காது மட்டும் அடைத்தது போல இருந்தாலும் காது மருத்துவரிடம் போங்கள். ஒரு காதில் கேட்பது திடீரென்று குறைந்தால் அன்றே போங்கள், ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.